கிளினிக் கொப்பியில் நிரப்பாத பக்கம்



ஏப்ரல் 2ஆம் திகதி உலக ஓட்டிசம் தினம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2007ஆம் ஆண்டில் எடுத்த தீர்மானத்தின்படி 2008 முதல் அது அனுசரிக்கப்படுகிறது. அடுத்த நான்கு வாரத்தில் மே தினம் வந்துவிடும். இந்த இரண்டு நாட்களுக்கும் நமது தோட்டங்களில் இதுவரை ஒரு தொடர்பும் இருந்ததில்லை. இந்த வருடம் மே தினக் கோரிக்கைகளை எழுதும்போது ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வரி இதுதான்: நமது பிள்ளைகளின் எடையை மட்டும் பார்த்தால் போதாது. அவர்களுடைய பேச்சு, பார்வை, காது, விளையாட்டு, மற்றவர்களோடு பழகும் விதம் எல்லாம் உரிய வயதில், தமிழில், தாயின் சம்பளம் வெட்டுப்படாமல் பரிசோதிக்கப்பட வேண்டும்.

தராசு சொல்லாதது

கொழுந்து நிறுக்கிற தராசு எத்தனை கிலோ என்றுதான் சொல்லும். கொழுந்து நல்ல கொழுந்தா, முற்றலா என்று அது சொல்லாது. அதற்குக் கூடைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான்.

முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். சேர்க்க வருகிற தாய்மார் பிறப்புச் சான்றிதழோடு கிளினிக் கொப்பியையும் கொண்டுவருகிறார்கள். ஊசி போட்ட பக்கம் நிறைந்திருக்கும். எடைக்கோடு புள்ளி புள்ளியாக மேலே ஏறியிருக்கும், சில இடங்களில் சரிந்திருக்கும். ஆனால் பிள்ளை எப்போது முகம் பார்த்துச் சிரித்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போது திரும்பியது, முதல் சொல்லை எப்போது சொன்னது என்பதைக் குறிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். அந்தப் பக்கம் எதற்கு என்று தாய்க்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மிட்வைஃப்மாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒருவரே பல டிவிஷன்களைப் பார்க்கிறார். கிளினிக் நாளில் வரிசை நீளம். பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மார் "சீக்கிரம் நிறுத்து விடுங்க மிஸ்" என்று அவசரப்படுத்துவதும் உண்டு. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பக்கம்தான். அதன் விலையை ஐந்து வருடம் கழித்துப் பிள்ளை கொடுக்கிறது.

எதைப் பார்க்க வேண்டும்?

இதைப் பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு வயது நெருங்கும்போது பிள்ளை "மாமா, பாபா" என்று மழலை பேச வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். டாட்டா காட்டுவது, கை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகள் வர வேண்டும். ஒன்றேகால், ஒன்றரை வயதுக்குள் அர்த்தத்தோடு தனிச்சொற்கள் வர வேண்டும். ஒன்றரை வயதில், ரோட்டில் போகிற கொழுந்து லொறியைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொந்தமாகப் பேச வேண்டும்.

விளையாட்டையும் கவனியுங்கள். நமது பிள்ளைகள் தலையில் துண்டைப் போட்டு, ஒரு பழைய பையை முதுகில் தொங்கவிட்டுக் கொழுந்து கிள்ளி விளையாடுவார்கள். சிரட்டையில் மண்ணை அள்ளிச் சோறு சமைத்து நமக்கு ஊட்டுவார்கள். இது வெறும் விளையாட்டு இல்லை. இல்லாததை இருப்பதாக நினைக்கவும், இன்னொருவரைப் போல நடக்கவும் பிள்ளையின் மூளை பழகுகிறது. இப்படி ஒன்றுமே விளையாடாமல், மணிக்கணக்கில் மூடியைச் சுற்றுவதிலும் செருப்புகளை வரிசையாக அடுக்குவதிலும் மட்டும் ஒரு பிள்ளை இருந்தால் கவனிக்க வேண்டும். பேசிய சொற்களைப் பேசாமல் விட்டுவிட்டால், எந்த வயதாக இருந்தாலும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "ஆம்பளப் புள்ள, கொஞ்சம் லேட்டாத்தான் பேசும். இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசுனாரு." சில பிள்ளைகள் தாமதமாகப் பேசிச் சரியாகிவிடுவது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை அப்படிச் சரியாகும், எது ஆகாது என்று லயத்து வாசலில் இருந்து யாராலும் சொல்ல முடியாது. காட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் ஒரு நாள்தான் நட்டம். காட்டாமல் விட்டு ஏதாவது இருந்தால் வருடங்கள் நட்டம். அமைதியாக ஒரு மூலையில் இருக்கும் பெண்பிள்ளையை "நல்ல புள்ள, ஒரு தொந்தரவும் இல்ல" என்று விட்டுவிடுவதும் இதே கதைதான். பெண்பிள்ளைகளிடம் ஓட்டிசம் கண்ணில் படாமல் போவது உலகம் முழுவதும் நடக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. மேலே சொன்னவற்றில் ஒன்று பிந்திவிட்டால் அது ஓட்டிசம் என்று அர்த்தமில்லை. காது கேட்காத பிள்ளையும் பெயருக்குத் திரும்பாது. அதனால் பேச்சு பிந்தினால் முதல் வேலை காதைப் பரிசோதிப்பது. போசாக்குக் குறைவும் இரத்தச்சோகையும் பிள்ளையின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 வீதம். ஆகவே ஆசிரியரோ, பக்கத்து வீட்டாரோ, தோட்டத் தலைவரோ ஒரு பிள்ளைக்கு "ஓட்டிசம்" என்று பெயர் வைக்கக் கூடாது. நமது வேலை கவனித்து அனுப்புவது. பெயர் சொல்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஓட்டிசம் என்றால் என்ன?

1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பெயர் வைத்திய உலகில் நிலைத்தது. இது தொற்றுகிற நோய் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வித்தியாசம். மற்றவர்களோடு பேசிப் பழகுவது கஷ்டமாக இருக்கும். ஒரே மாதிரியான செயல்களையும் ஒழுங்கையும் பிடித்துக்கொள்வார்கள். சத்தம், வெளிச்சம், துணியின் உரசல், சாப்பாட்டின் மணம் போன்றவை நம்மைவிடப் பல மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ அவர்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் தப்புச் சத்தம் எழும்பியதும் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளை அடம்பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் அதற்கு உண்மையில் வலிக்கலாம்.

எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது. ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுபவராக இருப்பார். இன்னொருவர் கணக்கில் முதல் ஆளாக வந்துவிட்டு, இடைவேளையில் யாரோடும் சேரத் தெரியாமல் தனியே நிற்பார். போனில் கேட்ட இங்கிலிஷ் பாட்டைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, தாகம் எடுத்தால் "தண்ணி" என்று கேட்க வராமல் இருக்கும். "எவ்வளவு கெட்டிக்காரன், இங்கிலிஷ் பேசுறான்" என்று நாம் சந்தோஷப்படுவோம். ஒப்பிப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு.

2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. நமது நாட்டில், நகரத்தை அண்டிய ஒரு பகுதியில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. அதில் 4 பிள்ளைகளுக்கு ஓட்டிசம் இருந்தது. அதாவது ஏறத்தாழ 93 பிள்ளைகளுக்கு ஒருவர். மலைநாட்டுக்கு இது வராது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. உங்கள் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் லயத்திலேயே இருக்கலாம்.

யார் மேலும் குற்றமில்லை

பிள்ளை பேசவில்லை என்றதும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் தாய். "வயித்துல இருக்கும்போது கண்டதையும் பார்த்திருப்பா", "கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டா", "சாமி குத்தம்" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். படித்தவர்களும் இதே தப்பைச் செய்தார்கள். தாய் அன்பு காட்டாததால்தான் ஓட்டிசம் வருகிறது என்று 1950களிலும் 60களிலும் பெரிய பெரிய வைத்தியர்களே எழுதினார்கள். அதை எதிர்த்து 1964இல் புத்தகம் எழுதி உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் ஓர் உளவியலாளர். அதோடு, ஓட்டிசமுள்ள ஒரு பையனின் அப்பா. இன்று அந்தக் கதையை எந்த வைத்தியரும் ஏற்பதில்லை.

ஊசியால் வந்தது என்ற பேச்சும் போனில் சுற்றுகிறது. 1998இல் 12 பிள்ளைகளை வைத்து ஒரு பிரித்தானிய வைத்தியர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய புரளி அது. அந்தக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதை வாபஸ் வாங்கியது. அதே வருடம் அந்த வைத்தியரின் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வு, அம்மை ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. பயந்து ஊசியை நிறுத்தினால் பிள்ளைக்கு அம்மை வரும். ஓட்டிசம் அதனால் தடுபடாது.

போன் ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் போனுக்கு முன் உட்காரவைத்த பிள்ளை அந்த நேரத்தில் யாரோடும் பேசிப் பழகுவதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது.

கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டுவதும் நேர்த்தி வைப்பதும் அவரவர் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. கயிறு கட்டிய கையோடு கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்கிறேன். "ஆறு மாசத்துல குணமாக்குறோம்" என்று மருந்தும் எண்ணெயும் விற்கிறவர்களிடம் மட்டும் ஏமாறாதீர்கள். ஓட்டிசத்தை இல்லாமல் ஆக்கும் மருந்து உலகத்தில் கிடையாது. கடன்பட்டு வாங்கிய எண்ணெய்ப் போத்தல் பிள்ளைக்குப் பேச்சைக் கொடுக்காது.

இது சங்கத்தின் வேலையா?

சம்பளப் பிரச்சினை தீரவில்லை, வீட்டுப் பிரச்சினை தீரவில்லை, இதையும் ஏன் சங்கத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த ஒரு தாயின் கதையைப் பதிலாகச் சொல்கிறேன்.

அவருடைய மகனுக்கு மூன்று வயதிலும் பேச்சு வரவில்லை. தூரத்து நகரத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுத்தார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போனார். முதல் தடவை திகதி மட்டும் கிடைத்தது. இரண்டாம் தடவை பார்க்க வேண்டிய டொக்டர் லீவு. மூன்றாம் தடவை பிள்ளையிடம் சிங்களத்தில் பேசிப் பார்த்தார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? நான்காம் தடவை தமிழ் தெரிந்த ஒரு தாதி உதவினார். ஆனால் பேச்சுப் பயிற்சிக்குக் கிழமைக்கொரு தடவை வரச் சொன்னார்கள். நான்கு பயணத்துக்கும் நான்கு பேர் போனது, பஸ் காசு போனது, மாத முடிவில் வேலை நாள் குறைந்தது என்று கணக்கப்பிள்ளையிடம் பேச்சும் வாங்கினார். ஐந்தாம் தடவை அவர் போகவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது.

இந்தக் கதையில் எது தொழிற்சங்கப் பிரச்சினை இல்லை? வெட்டுப்பட்ட நாள் சம்பளம் தொழிற்சங்கப் பிரச்சினை. தமிழில் சேவை கிடைக்காதது உரிமைப் பிரச்சினை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி. வேறு மொழியில் பரிசோதித்து "பதில் சொல்லவில்லை" என்று எழுதினால் அது பிள்ளையின் குறையா, பரிசோதனையின் குறையா? பிள்ளை பகல் முழுவதும் இருக்கும் பிள்ளைக்காம்பரா தோட்டத்தின் பொறுப்பு. தாய் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பின்னேரம் வருகிறார். பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அதிகம் அதைப் பார்ப்பவர் பிள்ளைக்காம்பரா ஆயம்மாதான். அவருக்கு இதைப் பற்றிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களா என்று கேட்பது சங்கத்தின் வேலைதான்.

டொக்டர் இல்லாத ஊரில்

கண்டுபிடித்து என்ன பயன், பயிற்சி கொடுக்க ஆள் இல்லையே என்பது அடுத்த கேள்வி. தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் மிகவும் குறைவு என்பது உண்மை. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரி, ராகமையில் உள்ள அயதி நிலையம் ஆகியவை இருக்கின்றன. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ கிழமைக்கொரு தடவை அங்கே யாரால் போய்வர முடியும்?

ஆனால் எல்லா உதவியும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் ஓட்டிசமுள்ள 65 பிள்ளைகளோடு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2016இல் வெளியானது. அங்கே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் விசேட வைத்தியர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணக் களப்பணியாளர்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தாங்களும் பார்க்கவும், அதன் ஓசைக்கும் சைகைக்கும் பதில் கொடுக்கவும் பெற்றோர் பழகினார்கள். பிள்ளைகளும் பெற்றோரிடம் தாங்களாக வந்து பேச்சையும் சைகையையும் தொடங்குவது கூடியது. உலக சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கென்று 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்ட ஒரு பயிற்சியை வைத்திருக்கிறது. அதையும் விசேட நிபுணர் அல்லாதவர்கள் நடத்தலாம். நமது மிட்வைஃப்மாரையும், சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும், முன்பள்ளி ஆசிரியைகளையும் ஏன் இதற்குப் பயிற்ற முடியாது?

கண்டுபிடிக்கும் கருவியும் நம் நாட்டிலேயே இருக்கிறது. எழுத்துக் கேள்விகளை மட்டும் நம்பினால் பல பிள்ளைகள் தப்பிவிடுவதைக் கண்ட பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது சகாக்களும், படங்களைக் காட்டித் தாயிடம் கேட்கும் ஒரு முறையை உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். வாசிக்கச் சிரமப்படும் தாயும் படத்தைப் பார்த்து "என் புள்ள இப்படித்தான் செய்யும்" என்று சொல்லிவிடுவார். தோட்டத்துக்குப் பொருத்தமான வழி இதைவிட என்ன இருக்கிறது?

பாடசாலையும் லயமும்

"இந்தப் புள்ளய இங்க வச்சிக்க ஏலாது" என்று பாடசாலை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் உண்டு. பெற்றோர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறார்கள். குனிய வேண்டியதில்லை. வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஐ.நா.வின் உரிமைச் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற விதி எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

வகுப்பில் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பிள்ளைக்கு ஒரே இடத்தை நிரந்தரமாகக் கொடுப்பது, அன்றைய வேலைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவது, மணி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வது, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது, சத்தம் தாங்காதபோது ஒதுங்க ஒரு மூலை வைப்பது. நாற்பது பிள்ளைகளை ஒரே ஆசிரியர் பார்க்கும் வகுப்பில் இதுவும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் துணை ஆசிரியரையும் விசேட கல்வி அலகையும் சேர்த்துக் கேட்கிறேன். அடித்து எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வந்ததில்லை.

லயத்தில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டிசமுள்ள சில பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே நடந்துவிடுவார்கள். தண்ணீர் அவர்களில் பலரை இழுக்கும். நமது தோட்டங்களைச் சுற்றி ஓடையும், பீலியும், காசல்ரீ, மவுசாக்கலை போன்ற பெரிய நீர்த்தேக்கங்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளை தனியாகப் போவதைக் கண்டால் "அது அப்படித்தான் திரியும்" என்று விடாதீர்கள். கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். பிள்ளை காணாமல் போனால் முதலில் தண்ணீர் உள்ள இடத்தைத் தேடுங்கள்.

"எங்களுக்குப் பிறகு?"

ஓட்டிசமுள்ள பிள்ளை ஒரு நாள் பெரியவராகும். இன்றும் நம் லயங்களில் "லூசு" என்று பெயர் வைக்கப்பட்டு, சின்னப் பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடும் பெரியவர்களில் சிலருக்கு ஓட்டிசம் இருக்கலாம். யாரும் பரிசோதிக்காததால் அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாற்றுமேடையில் பைகளுக்கு மண் நிரப்பி அடுக்கும் வேலை போல, ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை அவர்களில் சிலர் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள். கேலியை நிறுத்தி வேலையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறோமா?

வயது போன பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாங்க கண்ண மூடுனா இவன் எங்க இருப்பான்?" ஊரில் உள்ள பெற்றோருக்குக் குறைந்தபட்சம் ஒரு வீடு சொந்தமாக இருக்கும். நமது லயக்காம்பரா தோட்ட வேலையோடு கட்டப்பட்டது. பெற்றோர் இருவரும் வேலையிலிருந்து நின்ற பிறகு, வேலை செய்ய முடியாத மகனுக்கு அந்தக் காம்பராவில் என்ன உரிமை? ஆகவே ஏழு பேர்ச் காணிக்கும் வீட்டு உறுதிக்கும் நாம் நடத்தும் போராட்டமும் ஓட்டிசமுள்ள பிள்ளையின் எதிர்காலமும் ஒன்றோடொன்று பின்னிய விஷயங்கள். உறுதி எழுதும்போது அந்தப் பிள்ளையின் உரிமையையும் அதில் பாதுகாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

மே தினக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க நான் முன்மொழிபவை:

ஒன்று, 9 மாத, 18 மாத, 3 வயது ஊசி நாட்களில் ஒவ்வொரு பிள்ளையின் பேச்சு, காது, பார்வை, விளையாட்டு எல்லாம் தமிழில் கேட்டுப் பார்க்கப்பட்டு, கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கம் நிரப்பப்பட வேண்டும். அதற்குப் போதிய மிட்வைஃப்மார் நியமிக்கப்பட வேண்டும்.

இரண்டு, பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் துண்டோடு போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அந்த நாள் முழுப் பேராகக் கணக்கிடப்பட வேண்டும். இது கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் வைக்கப்பட வேண்டும்.

மூன்று, பிள்ளைக்காம்பராவில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். விசேட தேவையுள்ள பிள்ளையை அங்கே எடுக்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது.

நான்கு, மாதத்துக்கு ஒரு தடவையாவது தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறுவர் வைத்திய நிபுணரும் மலையகத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வர வேண்டும். நாம் அவர்களைத் தேடி மாவட்டம் தாண்டிப் போகும் நிலை மாற வேண்டும்.

ஐந்து, காணி, வீட்டு உறுதிகளில் வலுவிழந்த பிள்ளைகளின் உரிமை எழுதப்பட வேண்டும்.

இவை கிடைக்கும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் கிளினிக் கொப்பியோடு வரட்டும். மாதர் அணித் தோழிகள் மிட்வைஃபையும் பிள்ளைக்காம்பரா ஆயம்மாவையும் கூப்பிடட்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் கேட்டு நிரப்பட்டும். சந்தேகமுள்ள பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பத் துண்டு வாங்குங்கள். முதலில் காதுப் பரிசோதனை கேளுங்கள். ஏற்கெனவே ஓட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளை இருந்தால், உதவிக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கத் தலைவர் கூடப் போகட்டும். பெற்றோர் தனியாகப் போனால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். சங்கத்தோடு போனால் உட்காரச் சொல்வார்கள். அது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கூட்டத்தில் எத்தனை கொப்பிகளில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது என்று எண்ணி எழுதி, எண்ணிக்கையைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். எல்லாத் தோட்டங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து மேசையில் வைத்துப் பேசும்போது, இது ஒரு தாயின் கவலை என்று எந்த அதிகாரியாலும் தட்டிக்கழிக்க முடியாது.